நாய்க்குட்டிக்கு வயிறு கெட்டால்: வீட்டுக் கவனிப்பு முதல் மருத்துவச் செலவு வரை முழுமையான வழிகாட்டி

வளர்ந்த நாய் இரண்டு நாள் பேதியைப் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். எட்டு வாரக் குட்டிக்கு அந்த இரண்டு நாள் அவகாசம் இல்லை. அதன் உடலில் கொழுப்புச் சேமிப்பு குறைவு. கல்லீரலில் சேர்ந்திருக்கும் சர்க்கரை சில மணி நேரப் பட்டினியிலேயே தீர்ந்துவிடும். எடைக்கு ஏற்ற கணக்கில் பார்த்தால் வளர்ந்த நாயைவிட அதற்கு நாளொன்றுக்கு அதிக நீர் தேவைப்படும். மூன்று கிலோ எடையுள்ள குட்டி தன் எடையில் எட்டு சதவீதத்தை நீராக இழந்தால் அது 240 மில்லிலிட்டர்தான், அதாவது ஒரு பெரிய தம்ளர் அளவு. அந்த ஒரு தம்ளர் நீர் போனாலே கண் குழிந்து, ஈறு உலர்ந்து, குட்டி சோர்ந்து படுத்துவிடும்.

ஆகவே இந்த வழிகாட்டி ஒரே கருத்தைச் சுற்றி எழுதப்பட்டிருக்கிறது: குட்டியின் வயிற்றுக் கோளாறில் செலவைத் தீர்மானிப்பது பெரும்பாலும் நோயின் பெயர் அல்ல, எந்தக் கட்டத்தில் மருத்துவரிடம் போகிறோம் என்பதே. காலையில் ஓர் ஊசியோடும் தோலடி நீரோடும் (தோலுக்கு அடியில் ஊசி வழியாக ஏற்றும் நீர்) முடிந்திருக்கக்கூடிய விஷயம், மறுநாள் நள்ளிரவில் அவசரப் பிரிவில் டிரிப் ஏற்றிப் பல நாள் தங்க வைக்கும் விஷயமாக மாறலாம். அதே நேரத்தில், ஒவ்வொரு இளகிய மலத்துக்கும் ஓட வேண்டியதும் இல்லை. எப்போது காத்திருக்கலாம், எப்போது கூடாது என்பதைப் பிரித்தறியக் கற்றுக்கொள்வதுதான் முதல் வேலை.

முதல் படி: மலத்துக்கு முன் குட்டியைப் பாருங்கள்

தரையில் கிடப்பதைப் பார்த்துப் பதறுவது இயல்பு. ஆனால் மலம் எவ்வளவு மோசமாக இருக்கிறது என்பதைவிட, குட்டி எப்படி இருக்கிறது என்பதே அவசரத்தின் அளவைச் சொல்லும். தண்ணீர் போலப் போய்விட்டு உடனே உங்கள் செருப்பைக் கவ்விக்கொண்டு ஓடும் குட்டியைவிட, ஒரே ஒருமுறை வாந்தி எடுத்துவிட்டு மூலையில் முதுகைக் குறுக்கிப் படுத்திருக்கும் குட்டிதான் அதிகக் கவலைக்குரியது.

மேலுதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். இயல்பாகவே கறுப்புத் திட்டு உள்ள ஈறாக இருந்தால், திட்டு இல்லாத இடத்தைத் தேடுங்கள். அதுவும் இல்லாவிட்டால் கண்ணின் கீழிமையை மெல்ல இழுத்து உட்புறத்தைப் பாருங்கள். நலமாக உள்ள குட்டியின் ஈறு இளஞ்சிவப்பாகவும் விரல் வழுக்கும் ஈரத்தோடும் இருக்கும். விரல் நுனியால் அழுத்தி எடுத்தால் அந்த இடம் ஒரு கணம் வெளுத்து, இரண்டு விநாடிக்குள் மறுபடி சிவக்க வேண்டும். விரல் ஒட்டுகிறதென்றால் நீரிழப்பு தொடங்கிவிட்டது என்று கொள்ளலாம். நிறம் திரும்ப இரண்டு விநாடிக்கு மேல் ஆகிறதென்றால் இரத்த ஓட்டமே தளர்கிறது. ஈறு வெளிறிக் கிடந்தால் இரத்தசோகை, உள்ளே இரத்தக்கசிவு, அதிர்ச்சிநிலை (உறுப்புகளுக்குப் போதிய இரத்தம் எட்டாத ஆபத்தான நிலை) ஆகிய எதுவும் காரணமாக இருக்கலாம். கழுத்துத் தோலைக் கிள்ளிப் பார்க்கும் சோதனையைப் பலரும் சொல்வார்கள். குட்டிகளிடம் அதை மட்டும் நம்ப வேண்டாம், ஏனெனில் தோலடிக் கொழுப்பு உள்ள கொழுகொழு குட்டியின் தோல் நீரிழந்த பிறகும் சட்டென்று பழைய நிலைக்குத் திரும்பிவிடும்.

ஆசனவாயில் வைத்துப் பார்க்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டரில் 38 முதல் 39.2 டிகிரி செல்சியஸ் வரை இயல்பு. அதற்கு மேல் ஏறிக்கொண்டே போவது காய்ச்சல். 37.5க்குக் கீழே இறங்குவதைப் பலர் பொருட்படுத்துவதில்லை. நோயுற்ற குட்டியில் அது காய்ச்சலைவிட மோசமான அறிகுறியாக இருக்கலாம்.

அடுத்து எடை. சமையலறைத் தராசின் மேல் ஒரு பாத்திரத்தை வைத்து, அதில் குட்டியை உட்காரவைத்து எடை பாருங்கள். என்னிடம் இருந்த பதினொரு வாரக் குட்டி ஒன்று பேதி தொடங்கிய காலையில் 3.42 கிலோ இருந்தது. மறுநாள் காலை 3.21. அதுவரை வாலை ஆட்டிக்கொண்டுதான் இருந்தது, சாப்பாட்டுத் தட்டையும் மோந்து பார்த்தது. ஒரே நாளில் ஆறு சதவீதம் குறைந்திருக்கிறது என்பதைத் தராசுதான் சொன்னது, வால் சொல்லவில்லை. அந்த இரண்டு எண்களைக் கேட்டதும் மருத்துவர் மேற்கொண்டு பேசாமல் தோலடியில் நீரேற்றினார். முதுகில் ஒட்டகத் திமில் போலப் புடைத்து நின்ற அந்த நீர் மாலைக்குள் ஒரு பக்க முன்னங்கால் வரை இறங்கிக் கரைந்தது. ஒரே நாளில் ஐந்து சதவீதத்துக்கு மேல் எடை குறைந்தால், குட்டி எவ்வளவு உற்சாகமாகத் தோன்றினாலும் மருத்துவரிடம் போய்விடுவது நல்லது.

இரண்டாம் படி: காத்திருக்கக் கூடாத நிலைகள்

கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் வீட்டு வைத்தியத்தைத் தொடங்காமல் கிளம்புங்கள். இரவாக இருந்தால் அவசரப் பிரிவுக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டுப் புறப்படுங்கள்.

- குடித்த தண்ணீரும் தங்காமல் திரும்பத் திரும்ப வாந்தி எடுப்பது, அல்லது வாந்தியும் பேதியும் சேர்ந்து வருவது
- மலத்தில் கணிசமான இரத்தம், அல்லது தார் போன்ற கரிய மலம்
- வெளிறிய ஈறு, தள்ளாட்டம், நடுக்கம், வலிப்பு, எழுப்பினால் எழாத சோர்வு
- வயிறு உப்பி இறுகியிருப்பது, தொட்டால் கத்துவது, அல்லது வாந்தி எடுக்க முயன்றும் எதுவும் வராமல் ஓங்கரிப்பது
- நச்சுப் பொருளையோ விழுங்கக் கூடாத பொருளையோ விழுங்கியது தெரியும், அல்லது சந்தேகம் இருக்கிறது
- தடுப்பூசித் தொடர் முடியாத குட்டி, பேதியோடு உணவையும் மறுப்பது

கடைசி வரியைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தடுப்பூசி முடியாத குட்டிக்குப் பேதியும் பசியின்மையும் சேர்ந்து வந்தால், வேறு காரணம் உறுதியாகும்வரை அதைப் பார்வோ (குட்டிகளின் குடலைத் தாக்கும், உயிரைப் பறிக்கக்கூடிய வைரஸ் நோய்) என்றே கருதிக் கவனிப்பார்கள் மருத்துவர்கள்.

நச்சுகளில் சாக்லேட், திராட்சை, உலர்திராட்சை, வெங்காயம், பூண்டு, எலி மருந்து, மனிதர்களுக்கான வலி மாத்திரைகள் ஆகியவை முக்கியமானவை. சர்க்கரை சேர்க்காத சூயிங்கத்திலும் சில இனிப்புகளிலும் உள்ள சைலிட்டால், அரை மணி நேரத்துக்குள்ளேயே இரத்தச் சர்க்கரையை அபாயகரமாக இறக்கிவிடக்கூடியது. விழுங்கிய பொருளின் உறையைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். உப்புக் கரைசல் ஊற்றி வாந்தி எடுக்கவைக்க முயல வேண்டாம். அந்த உப்பே நஞ்சாகிவிடும்.

மிகச் சிறிய இனக் குட்டி சாப்பிடாமல் தள்ளாடத் தொடங்கினால், புறப்படும் முன் குளுக்கோஸ் கரைசலையோ சர்க்கரைப் பாகையோ விரலில் தொட்டு ஈறில் தேய்க்கலாம். நினைவு மங்கிய குட்டியின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாய்க்குள் போய்விடும்.

மூன்றாம் படி: மருத்துவர் கேட்கப்போவதை முன்பே எழுதிவையுங்கள்

ஒரு தாளில் நேரம் போட்டு எழுதுங்கள்: எப்போது தொடங்கியது, எத்தனை முறை, என்ன நிறம், கடைசியாக எப்போது சாப்பிட்டது, எவ்வளவு குடித்தது, எப்போது சிறுநீர் கழித்தது. தடுப்பூசி அட்டையும் குடற்புழு மருந்து கொடுத்த தேதிகளும் அதோடு இருக்க வேண்டும். வீட்டுக்குக் குட்டி வந்து எத்தனை நாள் ஆகிறது, உணவு மாறியதா, காணாமல் போன சாக்ஸ், கிழிந்த பொம்மை ஏதும் உண்டா என்பவையும் வேண்டும். புதிய வீட்டுக்கு வந்த முதல் வாரத்தில், பயத்தாலும் திடீர் உணவு மாற்றத்தாலும் வயிறு இளகுவது மிகச் சாதாரணமாக நடப்பது. அந்தத் தகவல் ஒன்றே சில பரிசோதனைகளைத் தள்ளிவைக்க மருத்துவருக்குத் துணிவு கொடுக்கும்.

மலத்தைப் பற்றிச் சொல்லும்போது இரண்டு வகையைப் பிரித்துச் சொன்னால் உதவியாக இருக்கும். ஒவ்வொரு முறையும் அதிக அளவில், தண்ணீராக, எடை குறையும்படி போனால் சிக்கல் பெரும்பாலும் சிறுகுடலில் இருக்கிறது. கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி, முக்கிக்கொண்டு, சளியோடும் சிவந்த இரத்தக் கீற்றோடும் போனால் பெருங்குடலில் இருக்கிறது. பார்க்க அச்சமூட்டுவது இரண்டாவதுதான். ஆனால் நீரிழப்பில் வேகமாகத் தள்ளுவது முதலாவது. அதேபோல, வயிறு இழுத்து இழுத்துச் சுருங்கி வெளியே வருவது வாந்தி. எந்த முயற்சியும் இல்லாமல், தின்றது தின்றபடியே வழிந்து விழுவது உணவுக்குழாய்ச் சிக்கலாக இருக்கலாம். இரண்டுக்கும் மருத்துவம் வேறு. கைபேசியில் ஒரு காணொளி எடுத்துவைத்தால் விளக்கும் வேலை மிச்சம்.

மல மாதிரி புதிதாக இருக்க வேண்டும். ஒரு எலுமிச்சையளவை மூடியுள்ள சுத்தமான டப்பாவில் எடுத்து, உடனே கொண்டுபோக முடியாவிட்டால் குளிர்பெட்டியில் உணவுப் பொருள்களிலிருந்து விலக்கி வையுங்கள்.

நான்காம் படி: வீட்டில் வைத்திருக்கலாம் என்றால் முதல் 24 மணி நேரம்

குட்டி எட்டு வாரத்துக்கு மேற்பட்டது, விளையாடுகிறது, குடிக்கிறது, வாந்தி இல்லை, இரத்தம் இல்லை, தடுப்பூசி காலத்தோடு போடப்பட்டிருக்கிறது, எடை பெரிதாகக் குறையவில்லை என்றால் ஒரு நாள் வீட்டில் கவனிக்கலாம்.

வயிற்றுக்கு ஓய்வு கொடுக்க ஒருநாள் பட்டினி போடுவது என்பது பழைய வழக்கம். குட்டிகளுக்கு அது பொருந்தாது. சர்க்கரை இறங்கிவிடும் ஆபத்து ஒருபுறம். குடலின் உள்சுவர் தனக்கு வேண்டிய ஊட்டத்தின் பெரும்பங்கை, தன் வழியே போகும் உணவிலிருந்தே நேரடியாகப் பெறுகிறது என்பது மறுபுறம். உணவே போகாத குடல் ஆறுவதற்கும் தாமதமாகும். எனவே குறைந்த அளவில், நாளுக்கு ஐந்தாறு முறை கொடுங்கள். தோலும் எலும்பும் நீக்கி, உப்பு, எண்ணெய், மசாலா எதுவும் சேர்க்காமல் வேகவைத்த கோழிக்கறி ஒரு பங்கு, குழைய வடித்த சோறு இரண்டு பங்கு என்பது எளிதில் செரிக்கும் கலவை. மருத்துவர்கள் தரும் தயார் நிலைச் செரிமான உணவு கிடைத்தால் அது இன்னும் நல்லது, ஏனெனில் சோறும் கறியும் வளரும் எலும்புக்குத் தேவையான சுண்ணாம்புச் சத்தைத் தருவதில்லை. இரண்டு மூன்று நாளுக்கு மேல் அதிலேயே ஓட்ட வேண்டாம். மலம் கெட்டிப்பட்டதும் வழக்கமான உணவை நாலைந்து நாளில் சிறிது சிறிதாகக் கலந்து பழைய நிலைக்குக் கொண்டுவாருங்கள்.

தண்ணீரை ஒருபோதும் எடுத்துவிடக் கூடாது. ஒரேயடியாக மடமடவென்று குடித்துக் கக்கிவிடும் குட்டிக்கு, கால் மணிக்கு ஒருமுறை ஒன்றிரண்டு தேக்கரண்டி அளவு கொடுத்துப் பாருங்கள். பால் வேண்டாம், தாய்ப்பால் மறந்த குட்டியின் குடலில் பாலின் சர்க்கரையைச் செரிக்கும் நொதி குறைந்துகொண்டே வரும், கொடுத்தால் பேதி கூடும். இனிப்பும் நிறமும் சேர்த்த விளையாட்டு வீரர்களுக்கான பானங்களும் அப்படியே. மனிதர்களுக்கான ஓஆர்எஸ் கரைசலை மருத்துவரைக் கேட்டுவிட்டு, அவர் சொல்லும் அளவில் கொடுங்கள்.

மருந்துப் பெட்டியைத் திறக்காதீர்கள். பேதியை நிறுத்த மனிதர்கள் விழுங்கும் லோபராமைடு, கோலி (Collie) போன்ற சில நாய் இனங்களில் உள்ள மரபணுக் குறைபாட்டினால் மூளைக்குள் புகுந்து மயக்கத்தை உண்டாக்கும். மற்ற குட்டிகளிலும், குடலில் தொற்றோ நச்சோ இருந்தால் அதை உள்ளேயே தேக்கிவைக்கும். பாரசிட்டமாலும் ஐபுபுரூஃபனும் நாய்க்குட்டிக்கு நஞ்சாகக்கூடியவை. போனமுறை மிஞ்சிய ஆன்டிபயாடிக் மாத்திரையில் பாதியைக் கொடுத்துவிட்டேன் என்று சொல்பவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். எளிய வயிற்றுப்போக்கு பெரும்பாலும் ஆன்டிபயாடிக் இல்லாமலேயே சரியாகும் என்பதும், அந்த மருந்து குடலில் வாழும் நல்ல நுண்ணுயிர்களையும் சேர்த்தே குலைத்துவிடும் என்பதும் இன்று கால்நடை மருத்துவத்தில் பரவலாக ஏற்கப்பட்டவை. மெட்ரோனிடசோல் என்ற ஆன்டிபயாடிக்கை வழக்கமாக எழுதிக்கொடுக்கும் பழக்கமும் இதனால் குறைந்துவருகிறது. நாய்களுக்கென்றே தயாரித்த புரோபயாடிக் பசையோ தூளோ தீங்கில்லாதது. சில நேரம் ஒரு நாள் முன்னதாக மலத்தைக் கெட்டிப்படுத்த உதவும்.

24 மணி நேரம் கடந்தும் மாற்றமில்லை என்றால் மருத்துவரிடம் போங்கள். நடுவில் வாந்தி தொடங்கினாலோ விளையாட்டு நின்றாலோ அந்த 24 மணி நேரக் கணக்கு அங்கேயே முடிந்துவிடுகிறது.

ஐந்தாம் படி: மருத்துவமனையில் என்ன நடக்கும், எது எதற்காக

வாகன நிறுத்தத்திலிருந்தே தொலைபேசியில், தடுப்பூசி முடியாத, பேதியுள்ள குட்டியோடு வந்திருக்கிறோம் என்று சொல்லுங்கள். பார்வோவாக இருந்தால் காத்திருப்பு அறையில் மற்றக் குட்டிகளுக்குப் பரவிவிடும். பல இடங்களில் உங்களைத் தனி அறைக்கு நேராக அழைத்துச் செல்வார்கள். குட்டியைத் தரையில் விட வேண்டாம்.

முதலில் கையாலேயே ஒரு முழுப் பரிசோதனை நடக்கும். வயிற்றை விரல்களால் தடவிப் பார்ப்பதில் பல செய்திகள் கிடைக்கும்: வாயு நிறைந்த குடல், கெட்டியான அந்நியப் பொருள், ஒரு குடல் பகுதி இன்னொன்றுக்குள் சொருகிக்கொண்டதால் உண்டாகும் உருளை போன்ற கட்டி. இந்தக் குடல் சொருகல், கடும் பேதிக்குப் பிறகு குட்டிகளுக்கு வரக்கூடியது.

பரிசோதனைகளில் மலப் பரிசோதனை மலிவானது. குட்டியைப் பொறுத்தவரை அதிகப் பலன் தருவதும் அதுவே. உருளைப்புழு தாயின் கருப்பையிலிருந்தே குட்டிக்கு வந்துவிடும், கொக்கிப்புழு தாய்ப்பால் வழியாக வரும்; ஆகவே சுத்தமான வீட்டில் பிறந்த குட்டி என்பதால் புழு இருக்காது என்று எண்ண முடியாது. கொக்கிப்புழு இரத்தத்தை உறிஞ்சிச் சிறு குட்டியை இரத்தசோகையில் தள்ளும். காக்சிடியா, ஜியார்டியா என்ற ஒற்றைச்செல் ஒட்டுண்ணிகளும் இதே வயதில்தான் அதிகம். வழக்கமான குடற்புழு மருந்துகளில் பல அவற்றைத் தொடாது, அதனால் 'போன வாரம்தான் பூச்சி மருந்து கொடுத்தோம்' என்பது இந்தப் பரிசோதனையைத் தவிர்க்கக் காரணம் ஆகாது. ஜியார்டியா எல்லா மலத்திலும் வெளிப்படாது. ஒருமுறை தெரியவில்லை என்றால் வேறு நாள் மாதிரிகளும் கேட்கலாம்.

அடுத்தது பார்வோ விரைவுப் பரிசோதனை. சுமார் பத்து நிமிடத்தில் முடிவு தெரியும். நோயின் தொடக்கத்தில் இது தவறாக 'இல்லை' என்று காட்டக்கூடும். சமீபத்தில் உயிர்த் தடுப்பூசி (வலுவிழக்கச் செய்த உயிருள்ள வைரஸ் கொண்டது) போட்ட குட்டியில் மங்கலான 'உண்டு' என்றும் காட்டக்கூடும். எனவே சந்தேகம் வலுத்தால் வெள்ளை அணுக்களின் எண்ணிக்கையைச் சேர்த்துப் பார்ப்பார்கள். இரத்தத்தில் சர்க்கரையும் தாது உப்புகளும் எவ்வளவு இருக்கின்றன என்ற சோதனை, எந்த நீரை எவ்வளவு ஏற்றுவது என்பதைத் தீர்மானிக்கும். எக்ஸ்ரேயும் ஸ்கேனும் அடைப்புச் சந்தேகத்தில் மட்டுமே முன்னுரிமை பெறும். உலோகமும் எலும்பும் எக்ஸ்ரேயில் பளிச்சென்று தெரியும். துணியும் ரப்பரும் தெரியாமல் போகலாம், குடல் உப்பியிருக்கும் விதத்தை வைத்தே ஊகிக்க வேண்டியிருக்கும். நூல், நாடா போன்றவை குடலை மடிப்பு மடிப்பாகச் சுருக்கி அறுத்துவிடும். வாயிலோ ஆசனவாயிலோ தொங்கும் நூலை இழுக்கவே கூடாது.

லேசான நிலையில் வாந்தி நிறுத்தும் ஊசி, தோலடி நீர், குடற்புழு மருந்து, உணவுக் குறிப்பு என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். நீரிழப்பு கடுமையாகிவிட்டால் தோலடி நீர் பயன்படாது. தோலுக்குப் போகும் இரத்தமே குறைந்திருப்பதால் ஊற்றிய நீர் அங்கேயே தேங்கிக் கிடக்கும். அப்போது சிரை வழியாகத்தான் ஏற்ற வேண்டும், அதற்குத் தங்கவைக்க வேண்டும். செலவு ஒரேயடியாக ஏறும் வாசற்படி இதுதான்.

ஆறாம் படி: செலவைப் பற்றி வெளிப்படையாகப் பேசுங்கள்

பில் எத்தனை அடுக்காக வருகிறது என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும். கலந்தாய்வுக் கட்டணம் முதல் அடுக்கு. இரவிலும் விடுமுறை நாளிலும் அதன் மேல் கூடுதல் கட்டணம் விழும். பரிசோதனைகள் இரண்டாவது. ஊசி, மருந்து, நீர் ஆகியவை மூன்றாவது. குட்டியின் எடைக்கேற்ப மருந்து அளவிடப்படுவதால் இது எதிர்பார்ப்பதைவிடக் குறைவாகவே இருக்கும். நான்காவதுதான் பெரியது: தங்கல், தனிமை அறை, இரவு முழுதும் கவனிக்கும் செவிலியர், தினமும் திரும்பச் செய்யும் இரத்தப் பரிசோதனை. அறுவை என்றால் மயக்கமருந்தும் அறுவைக்குப் பிந்தைய தங்கலும் சேரும். ஊருக்கு ஊர், மருத்துவமனைக்கு மருத்துவமனை தொகை மாறும். இந்த அடுக்குகளின் வரிசை மட்டும் அதிகம் மாறுவதில்லை.

பரிசோதனை முடிந்ததும், மருத்துவம் தொடங்கும் முன், எழுத்தில் மதிப்பீடு கேளுங்கள். குறைந்தபட்சம், அதிகபட்சம் என்ற இரண்டு எண்களும், எத்தனை நாளைக்கானது என்பதும் அதில் இருக்க வேண்டும். பிறகு கையிருப்பைக் கூச்சமில்லாமல் சொல்லிவிடுங்கள். 'இவ்வளவுதான் என்னால் முடியும். இதற்குள் குட்டிக்கு அதிகப் பயன் தருவது எது?' என்ற கேள்வி எந்த நல்ல மருத்துவரையும் புண்படுத்தாது. இன்னும் கூர்மையாகக் கேட்க வேண்டுமென்றால், ஒவ்வொரு பரிசோதனைக்கும், 'இதன் முடிவு எப்படி வந்தாலும் மருத்துவம் ஒன்றாகத்தான் இருக்குமா?' என்று கேளுங்கள். ஆம் என்றால் அதைத் தள்ளிவைக்கலாம். மருத்துவத்தை மாற்றக்கூடிய பரிசோதனைக்கு முதலில் செலவிடுங்கள். நல்லவர்கள் என்று நம்பி எதையும் கேட்காமல் கையெழுத்திட்டுவிட்டு, மூன்றாம் நாள் பணம் தீர்ந்து, பாதியில் குட்டியை எடுத்துச்செல்வதுதான் எல்லாவற்றிலும் மோசமான முடிவு. கொடுத்த பணமும் போய், குட்டிக்கும் பயனில்லாமல் போகும்.

பணம் குறைவு என்றால் வழிகள் சில உண்டு. கால்நடை மருத்துவக் கல்லூரிகளோடு இணைந்த மருத்துவமனைகளிலும் விலங்கு நல அமைப்புகள் நடத்தும் மருத்துவமனைகளிலும் கட்டணம் பெரும்பாலும் குறைவு. தவணையில் கட்ட முடியுமா என்று கேட்கலாம். மருந்துச் சீட்டை வாங்கி வெளியே மருந்து வாங்க அனுமதி உண்டா என்றும் கேட்கலாம். பகலில் ஒரு மருத்துவமனையில் நீரேற்றி, இரவில் வீட்டில் வைத்துக் கவனிக்கும் இடைவழியும் சில குட்டிகளுக்குப் போதுமானது.

செல்லப்பிராணிக் காப்பீடு நோய் வந்த பிறகு வாங்கிப் பயனில்லை. பாலிசி தொடங்கிய பின் நோய்களுக்கு ஒரு காத்திருப்புக் காலம் இருக்கும். அதற்கு முன் தென்பட்ட எந்த அறிகுறியும் முன்பே இருந்த நோய் என்று ஒதுக்கப்படலாம். பெரும்பாலான பாலிசிகளில் பில்லை முதலில் நீங்களே கட்டிவிட்டுப் பிறகுதான் திரும்பப் பெற முடியும், அதிலும் ஒரு தொகை உங்கள் பங்காகக் கழியும். தடுப்பூசி காலத்தோடு போடாத குட்டிக்குப் பார்வோ வந்தால் பணம் தர மறுக்கும் விதியும் பலவற்றில் இருக்கிறது. கையெழுத்திடும் முன் அந்த வரியைத் தேடிப் படியுங்கள்.

ஏழாம் படி: பார்வோ என்று தெரிந்தால்

பார்வோ வைரஸ் நாய்களிடையே உலகம் முழுவதும் பரவியது 1978ஆம் ஆண்டில். ஆறு வாரம் முதல் ஆறு மாதம் வரையான குட்டிகளை அதிகம் தாக்கும். தொற்றிய மூன்று முதல் ஏழு நாளில் பெரும்பாலும் சோர்வு, வாந்தி, பிறகு நாற்றமெடுக்கும் இரத்தப்பேதி என்று வரும். வேகமாகப் பெருகும் செல்களையே அது தாக்குவதால், குடலின் உள்சுவரும் எலும்பு மஜ்ஜையும் ஒரே நேரத்தில் அடிபடுகின்றன: சுவர் உதிர்ந்த குடல் வழியே பாக்டீரியா இரத்தத்துக்குள் நுழைகிறது, அதை எதிர்க்க வேண்டிய வெள்ளை அணுக்களோ குறைந்து கிடக்கின்றன. இங்கே மட்டும் ஆன்டிபயாடிக்குக்குத் தெளிவான வேலை உண்டு.

மருத்துவமே இல்லாமல் விட்டால் பெரும்பாலான குட்டிகள் இறந்துவிடும். தங்கவைத்து நீர், வாந்தி நிறுத்தும் மருந்து, ஆன்டிபயாடிக், சீக்கிரமே தொடங்கும் உணவு என்று முழுமையாகக் கவனித்தால் பத்தில் எட்டு ஒன்பது குட்டிகள் பிழைக்கின்றன. ஆனால் அதற்கு வழக்கமாக ஐந்து முதல் ஏழு நாள் ஆகும். அவ்வளவு நாள் தங்கவைக்க வசதியில்லாதவர்களுக்காக அமெரிக்காவின் கொலராடோ அரசுப் பல்கலைக்கழகத்தில் ஒரு வெளிநோயாளி முறையை வகுத்துச் சோதித்தார்கள். முதலில் சிரை வழியே நீரேற்றி நிலைநிறுத்துவது, பிறகு தோலடி நீர், நாளுக்கொரு வாந்தி நிறுத்தும் ஊசி, நீண்டநேரம் வேலை செய்யும் ஒரே ஓர் ஆன்டிபயாடிக் ஊசி, கட்டாய உணவு என்பது அந்த முறை. நாற்பது நாய்களை வைத்துச் செய்த அந்த ஆய்வில், தங்கவைத்தவற்றில் 90 சதவீதமும் வெளிநோயாளி முறையில் 80 சதவீதமும் பிழைத்தன. தங்கவைப்பதற்கு இது சமமான மாற்று ஆகாது. ஆனால் மருத்துவமே இல்லாமல் விடுவதற்கும், பணமில்லை என்பதற்காகக் கருணைக்கொலைக்கு ஒப்புக்கொள்வதற்கும் முன் மருத்துவரிடம் பேசிப் பார்க்க வேண்டிய வழி. நாளுக்குப் பலமுறை நீரேற்றவும், வெப்பநிலை பார்க்கவும், ஊட்டவும் வீட்டில் ஒருவர் முழுநேரம் இருந்தாக வேண்டும் என்பதையும் சேர்த்தே கணக்கிடுங்கள்.

எட்டாம் படி: வீடு திரும்பிய பிறகு

பார்வோ வைரஸ் மண்ணில் ஓராண்டுக்கு மேலும் உயிர்ப்போடு இருக்கும். வழக்கமான தரைத் துடைப்பு மருந்துகள் பல அதைக் கொல்வதில்லை. மலத்தையும் அழுக்கையும் முதலில் சோப்புநீரால் முழுதும் நீக்கிவிட்டு, வீட்டு உபயோக பிளீச் ஒரு பங்குக்குத் தண்ணீர் முப்பது பங்கு கலந்து, பத்து நிமிடம் ஈரமாக இருக்கும்படி விட்டுப் பிறகு கழுவுங்கள். பிளீச்சோடு வேறு எந்தக் கழுவுமருந்தையும் கலக்காதீர்கள், நச்சு வாயு வரும். குணமான குட்டியும் சில வாரம் மலத்தில் வைரஸை வெளியேற்றும் என்பதால், தடுப்பூசி முடியாத நாய்களிடமிருந்து விலக்கி வையுங்கள்.

புழு என்று தெரிந்தால் ஒரு தவணை மருந்து போதாது. மருந்து குடலில் உள்ள புழுவைத்தான் கொல்லும். உடலின் திசுக்களில் பதுங்கியிருக்கும் இளம்புழுக்கள் பிறகு குடலுக்கு வந்து சேரும். அதனால்தான் இரண்டு வார வயதில் தொடங்கி எட்டு வாரம் வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, பிறகு ஆறு மாதம் வரை மாதம் ஒருமுறை என்ற அட்டவணை. உருளைப்புழுவின் முட்டை மனிதருக்கும் தொற்றும். மண்ணில் விளையாடும் குழந்தை உள்ள வீட்டில் மலத்தை அன்றன்றே அள்ளுவதும் கைகழுவுவதும் குழந்தைக்கான மருத்துவச் செலவையும் தவிர்க்கும்.

தடுப்பூசித் தொடர் ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, இரண்டு முதல் நான்கு வார இடைவெளியில் குறைந்தது பதினாறு வாரம் வரை போக வேண்டும். இடையில் நிறுத்திவிடுபவர்கள் ஏமாறுவது இங்கேதான்: தாயிடமிருந்து வந்த எதிர்ப்பொருள் இரத்தத்தில் இருக்கும்வரை அது தடுப்பூசியையும் செயலிழக்கச் செய்துவிடும், அந்த எதிர்ப்பொருள் எந்த வாரம் தீரும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். முந்தைய ஊசிகள் எத்தனை போட்டிருந்தாலும், அதனால் கடைசி ஊசிதான் பல குட்டிகளுக்கு உண்மையில் பிடிக்கும் ஊசி. வயிறு கெட்டு நாள் தள்ளிப்போயிருந்தால், மலம் கெட்டிப்பட்டுச் சாப்பாடு சீரானதும் மருத்துவரை அழைத்து அடுத்த தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். அதுவரை குட்டியைத் தினமும் அதே பாத்திரத்தில், அதே தராசில் உட்காரவைத்து எடையை எழுதிவருவதை நிறுத்த வேண்டாம்.